அம்பாங் பார்க்: தெருவுக்கு முதுகு காட்டிய கடைகள்

கோலாலம்பூரின் பழைய பேரங்காடி எது என்று கேட்டால் பலரும் சுங்கை வாங் என்பார்கள். அது 1977இல் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1973இல், அம்பாங் சாலையும் சுற்றுச்சாலையும் (இன்றைய துன் ரசாக் சாலை) சந்திக்குமிடத்தில், நாட்டின் முதல் பேரங்காடியான அம்பாங் பார்க் திறக்கப்பட்டுவிட்டது. செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய லெபோ அம்பாங் வேறு. பெயரில் குழம்பி அங்கே போய் நின்ற உறவினர்கள் எங்களுக்கு உண்டு. அம்பாங் சாலையோ அன்று ஈயச் சுரங்க முதலாளிகளின் மாளிகைகள் நிறைந்த சாலை. இரட்டைக் கோபுரம் நிற்கும் நிலம் அப்போது குதிரைப் பந்தயத் திடல்.

அதுவரை கடைவீதி என்றால் எங்களுக்குப் பத்து ரோடுதான் (இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை): தெருவைப் பார்த்த வாசல், முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை, சாரல் அடித்தால் துணிகளின் மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள். அம்பாங் பார்க்கிலோ கடைகள் தெருவுக்கு முதுகைக் காட்டி, ஒன்றையொன்று பார்த்து நின்றன. எஸ்கலேட்டர் முன்னால் அம்மா சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி நான்கைந்து படிகளைப் போகவிட்டுத் தயங்கி நிற்க, மேலே போய்ச் சேர்ந்துவிட்ட அப்பா எங்களைத் தேடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கட்டடத்தைவிட அதன் உரிமை முறைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டதால், யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் ஒரே முதலாளி அங்கே இல்லை. 1998இல் அருகிலேயே இரட்டைக் கோபுரத்தின் அடியில் சூரியா கேஎல்சிசி பேரங்காடி பளபளப்பாகத் திறந்தபோதும் தையற்காரரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் இடம்பெயரவில்லை. மறு ஆண்டு எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையம் வந்து, மதிய உணவு வேளைக்கு அலுவலகக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

பின்னர் எம்ஆர்டி என்னும் இன்னொரு நகர ரயிலின் புத்ராஜெயா பாதைக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபோது, கட்டடத்தை இடிக்காமலே நிலையம் அமைக்கலாம் என்று வாதாடி நீதிமன்றம் சென்றவர்களும் அந்தச் சிறு உரிமையாளர்களே. வழக்கு தோற்றது, 2017ஆம் ஆண்டின் கடைசி நாளில் கதவுகள் மூடப்பட்டன. அதற்கு முந்தைய வாரம் போயிருந்தேன். தையற்கடையில் அளவுக் குறிப்பேடுகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த ஏட்டின் அட்டையில் எண்ணெய்க் கறை.

2023 மார்ச்சில் திறந்த அந்தப் புத்ராஜெயா பாதை நிலையத்துக்கும் அம்பாங் பார்க் என்றே பெயர். அறிவிப்பைக் கேட்ட என் மகள், பூங்கா எந்தப் பக்கம் என்றாள்.