லா ஃபுதூரா: கரகரத்த குரலின் அழகு

அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ராக் குழுவான ஸீ ஸீ டாப் என்றதும் பலருக்கு நீளத் தாடியும் 1983இல் வந்த 'எலிமினேட்டர்' ஆல்பமும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு என்னவோ, 2012 செப்டம்பரில் வந்த 'லா ஃபுதூரா'தான் மனசுக்கு நெருக்கம். இதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பமான 'மெஸ்கலேரோ' வந்தது 2003இல். ஒன்பது வருஷம் கழித்து, இசைத் தயாரிப்பாளர் ரிக் ரூபினும் குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான பில்லி கிப்பன்ஸும் சேர்ந்து தயாரித்த இந்த ஆல்பத்தில் எண்பதுகளின் சிந்தசைசர் மினுமினுப்பெல்லாம் போய், கிடார், பாஸ், டிரம்ஸ் மூன்றும் முன்னால் வந்து நிற்கின்றன.

முதல் பாட்டு 'ஐ காட்ஸ்டா கெட் பெய்ட்' எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998இல் டிஜே டிஎம்டி வெளியிட்ட '25 லைட்டர்ஸ்' என்கிற டெக்சாஸ் ராப் பாட்டிலிருந்து! அந்த வரிகளை எடுத்து, அழுக்கேறிய கனமான ஒரு கிடார் ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) மேல் உட்கார வைத்து, கிப்பன்ஸ் அடித்தொண்டையில் உறுமுகிறார், அசலைக் கேட்காதவர்கள் இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் ஏதோ பழைய பாட்டு என்றே சத்தியம் செய்வார்கள். ப்ளூஸ் வளர்ந்ததே இப்படித்தானே, ஒருவர் பாடிய வரியை இன்னொருவர் எடுத்துத் தன் குரலுக்கு ஏற்றபடி மாற்றிப் பாடுவது. அறுபதைத் தாண்டிய ஒருவர் தன் ஊர்ப்பக்கத்து ராப்பையும் அதே மரபில் சேர்த்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு இந்த ஆல்பத்தின் பெரிய சாதனை.

'சார்ட்ரூஸ்' கேட்டால் இவர்களுடைய 1975 பாட்டான 'டஷ்' உடனே நினைவுக்கு வரும், அது தப்பே இல்லை, ஜாலியான பாட்டு. 'ஃப்ளையின் ஹை' மட்டும் எனக்கு ஒட்டவில்லை, யார் வேண்டுமானாலும் பாடியிருக்கக்கூடிய ராக் பாட்டு அது.

அப்புறம் 'ஓவர் யூ'. மெதுவான பாட்டு, பிரிவைப் பற்றியது. கிப்பன்ஸ் குரல் இதில் அப்படியே கிழிகிறது, உச்சத்துக்குப் போகும்போது சுருதியைவிட மூச்சும் கரகரப்பும்தான் அதிகம் கேட்கின்றன. அதைச் சீர்படுத்தாமல் அப்படியே விட்டார்களே, அதற்கே கோடி நன்றி. இளமையில் இவரால் இதை இப்படிப் பாடியிருக்க முடியாது.

பாஸ் வாசித்த டஸ்டி ஹில் 2021இல் காலமானார். ஃபிராங்க் பியர்டின் டிரம்ஸோடு சேர்ந்து மூவருமாகப் புதுப் பாட்டுகளோடு செய்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். கேட்பதானால் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கடைசிப் பாட்டான 'ஹேவ் எ லிட்டில் மெர்சி'யில் கிடாரை ஒருமுறை மறந்துவிட்டு பாஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், பாட்டையே தாங்குவது அவர்தான்.