சீமைக் கருவேலங்கரியும் சாலிட் பிளாக்கும்

சீமைக் கருவேலத்தை எரித்தால் வரும் சாம்பல் வேறு, காற்றுப் புகாமல் சுட்டு எடுக்கும் கரி வேறு. கான்கிரீட்டில் கலந்து கார்பனைப் பூட்டும் பேச்சு வந்தால் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். சாம்பலில் கார்பன் எரிந்து போயாச்சு. மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பும் பொட்டாசியமும்தான். உமிச் சாம்பல்போல இதில் சிலிக்கா அதிகம் கிடையாது, ஆகவே பெரிய வலுவும் சேராது. பொட்டாசியம் கூடினால், சில வகை ஜல்லியோடு வினைபுரிந்து வருடங்கள் கழித்து வெடிப்பு விடும். மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பனில் ஒரு பங்கு தங்குவது கரியில்தான்.

கணக்கு இது. நல்ல கரியில் முக்கால் பங்கு கார்பன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கரி சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பூட்டி வைக்கிறது. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு ஆறரை மூட்டை, அதாவது 325 கிலோ சிமெண்ட். அதில் 2 சதவீதத்துக்குப் பதில் கரித்தூள் போட்டால் 6.5 கிலோ. இதில் பூட்டிய கார்பன் டை ஆக்சைடு சுமார் 18 கிலோ, மிச்சப்படுத்திய சிமெண்டால் குறைவது ஐந்தாறு கிலோ. 325 கிலோ ஓ.பி.சி. (எதுவும் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்ட் தயாரிக்க வெளியாவதோ 275 கிலோ அளவில். பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஓ.பி.சி.யை விட்டு, 30 சதவீதம் நிலக்கரிச் சாம்பல் சேர்ந்த பி.பி.சி.க்கு மாறினாலே இதைப்போல மூன்று மடங்கு மிச்சம். முதலில் அதைச் செய்துவிட்டு, கரியை அதன்மேல் சேர்ப்பதுதான் புத்தி.

சிமெண்டைக் குறைப்பதைவிட மணலைக் குறைப்பது லாபம். கனமீட்டருக்கு 20 கிலோ கரித்தூள் எம்-சாண்டுக்கு (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பதிலாகப் போனால் 50 கிலோவுக்கு மேல் பூட்டலாம். எடைக்கு எடை மாற்றக் கூடாது, கன அளவுக்கு மாற்ற வேண்டும்: கரி லேசானது, 20 கிலோ கரி அதைவிட அதிக எடையுள்ள எம்-சாண்ட் இருக்கும் இடத்தை அடைக்கும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கட்டையை அடுக்கி மூட்டம் போட்டு எடுக்கும் கரியில், சலித்த பிறகு அடியில் தங்கும் தூள் மலிவு. அதை அப்படியே வாங்கிக் கொட்டினால் வம்பு. மூட்டத்தை மண்ணால் மூடுவதால் தூளில் களிமண் கலந்திருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தால் கம்பியைத் துருவேற்றும் குளோரைடும் ஏறியிருக்கும். ஒரு கரண்டித் தூளை எடை போட்டு, செந்தணலில் முழுக்க எரித்து, மிச்சத்தை எடை போடுங்கள். சுத்தமான கரி நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்கும். இருபது, முப்பது என்றால் நீங்கள் வாங்கியது மண்.

அடுத்தது குறைக்கரி. சரியாக வேகாத கட்டை உடைத்தால் உள்ளே பழுப்பாக இருக்கும், கையில் பிசுக்கும். அதிலிருந்து கரையும் தார், சர்க்கரை வகைகள் சிமெண்டை இறுகவிடாது. தூளை வெந்நீரில் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் ஒதுக்கிவிடுங்கள். 450 முதல் 600 டிகிரி வரை சுட்ட கரியில் இந்தத் தொல்லை வராது. மூட்டத்தில் வெப்பம் இடத்துக்கு இடம் மாறும். போதாததற்கு அதன் புகையில் போகும் மீத்தேன், பூட்டிய கார்பனின் பலனில் கணிசமாகக் கழித்துவிடும். வரும் வாயுவைத் தானே எரித்துக்கொள்ளும் மூடிய இரும்பு உலை இருந்தால்தான் இந்தக் கணக்கு முழுசாக நிற்கும்.

அரைப்பதை ஈரமாகவே செய்யுங்கள். உலர்ந்த கரித்தூசி மூச்சுக்கும் கேடு, தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். சிமெண்டுக்குப் பதில் போடுவதென்றால் 90 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும். மணலுக்குப் பதிலென்றால் மணல் பருமன் போதும்.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு முதல் சோதனையாக ஒரு கிலோ நைசான தூள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முந்தின இரவே ஊறப்போட வேண்டும். உலர்ந்த தூளைப் போட்டால் கலவைத் தண்ணீரை அதுவே குடித்துவிடும். கலவை வறண்டதைப் பார்த்து ஆள் இன்னொரு வாளி ஊற்றுவார், வலு அங்கேயே போச்சு. தோல்விக்கு இது ஒரு முக்கியக் காரணம். கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் ஊற்றினாலும் கரி அதில் கொஞ்சத்தை உறிஞ்சும், வழக்கமான அளவு பத்தாது. கரி மிதக்கும் சரக்கு என்பதால் வைப்ரேட்டரை நீளமாக ஓட்டாதீர்கள். மேலே கறுப்பு ஏடு படியும், அந்த முகம் சீக்கிரம் தேயும். கரி போட்ட சோதனைக் கனசதுரங்களோடு போடாதவற்றையும் சேர்த்து வார்த்து 7, 28 நாளில் உடைத்துப் பார்த்த பிறகே அளவைக் கூட்டுங்கள்.

கம்பி போட்ட வேலைக்கு இது வேண்டாம். சாலிட் பிளாக், பேவர் பிளாக், நடைபாதை அடித்தளம் என்றால் சரி. இந்தியக் கான்கிரீட் தர விதியான ஐ.எஸ். 456, கம்பி உள்ள கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுதான் அனுமதிக்கிறது, கம்பி இல்லாததில் 3 கிலோ வரை. உவர் நிலத்து மரக்கரிக்கு அந்த இடைவெளி தேவை. மரத்துக்குப் பதில் ஆகாயத்தாமரையைக் கரியாக்கினால் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். போதாததற்கு அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், உலர்த்தும் செலவே தின்றுவிடும்.

மரத்தை எப்படி வெட்டினார்கள் என்றும் கேளுங்கள். தரைமட்டத்தில் வெட்டித் தூரை விட்டால் சீமைக் கருவேலம் பல கிளையாகத் துளிர்க்கும், மூன்று நான்கு வருடத்தில் மறுவெட்டுக்குத் தயார். கரிக்காரருக்கு அது வசதி, கண்மாய்க்கு அல்ல. தூரோடு பெயர்த்த கட்டைக்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் தோண்டுகிற கூலிக்காவது ஆகும். தூர்க்கட்டையும் கெட்டியானது, கரிக்கு ஏற்றது.