ஒட்டகம் அல்லாதவருடன் இரண்டு இரவுகள்

சிதம்பரத்திலிருந்து நேற்றிரவு திரும்பினேன். இன்று காலை ஆறு மணிக்கு வந்த தொலைபேசி அழைப்புக்கு நான் அளித்த பதிலைக் கேட்டதிலிருந்து வீட்டம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். சின்னவனுக்கும் அதற்குள் செய்தி போய்விட்டபடியால், இனி நான் மறைப்பதற்கு எதுவுமில்லை.

1970-ல் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பை முடித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பில் சேர்ந்து, 1975-ல் வெளியே வந்த நாங்கள், ஐம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட இரண்டு நாள் கூடினோம். ஒருவரையொருவர் எளிதில் அடையாளம் காணவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், கழுத்தில் தொங்கும் அட்டையில் அந்தக் காலத்துப் புகைப்படத்தையே விழாக்குழுவினர் அச்சிட்டிருந்தார்கள். காதுக்குக் கீழே இறங்கிய கிருதாவும் தலை நிறைய முடியுமாக இருந்த அந்தப் படங்களுக்கும், அட்டைக்கு மேலே இருந்த முகங்களுக்கும் எவ்வித உறவும் இல்லை. ஒவ்வொருவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எதிரே வந்தவரின் மார்புக்கு நேராகக் குனிந்து உற்றுப்பார்த்ததில், வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஏதோ இலவச மருத்துவ முகாம் நடப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

அட்டையில் பெயர் இருந்ததே என்று கேட்பீர்கள். விடுதியில் ஐந்தாண்டுகளில் யார் யாரைப் பெயர் சொல்லி அழைத்தோம்? ஒட்டகம், முக்கால், ஸ்லைடு ரூல் என்பனவே எங்களுக்குத் தெரிந்த பெயர்கள். மருமகளும் பேரனும் உடன் வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவரைக் கூட்டத்தின் நடுவே 'முக்கால்' என்று எப்படி அழைப்பது? ஒட்டகத்தின் இயற்பெயர் மட்டும் எனக்கு நினைவிருந்தது. அவனுக்கு மணியார்டர் வரும் நாளை அவனைக் காட்டிலும் ஆவலாக எதிர்பார்த்தவன் நான்.

எனக்கு ஒதுக்கிய அறைக்குள் நுழைந்தபோது, நெடிய கழுத்துடைய ஒருவர் கட்டிலில் அமர்ந்து, கிழமை வாரியாகப் பிரித்த பெட்டியில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்தேன்; ஒட்டகத்தின் பெயரேதான். அந்தப் பெயரில் எங்கள் ஆண்டு மாணவர்களில் மூவர் இருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. "டேய்!" என்று கட்டிக்கொண்டேன். அவர் என் அட்டையைப் படித்துவிட்டுக் கண்கலங்கியபடி என்னை இறுகப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவேயில்லை.

நெய்வேலியில் இருந்த அண்ணன் சௌக்கியமா என்று விசாரித்தேன். சற்று யோசித்துவிட்டு, "இருக்கிறார்" என்றார். "மிருதங்கம் இன்னும் வாசிக்கிறாயா?" என்று கேட்டார். நான் மிருதங்கத்தைத் தொட்டதே இல்லை. ஆனால் எங்கள் வளாகத்தில் இசைக்கல்லூரியும் உண்டு. அந்தப் பக்கம் நான் பல மாலைகள் சுற்றியதும் உண்டு. (காரணம் இங்கே வேண்டாம்; இதை வீட்டம்மா படிப்பாள்.) அப்போது எதையாவது தட்டித் தொலைத்திருப்பேனோ என்ற ஐயத்தில், "எப்போதாவது" என்றேன். எழுபத்திரண்டு வயதில் தன் நினைவைவிடப் பிறர் நினைவை நம்புவதே பாதுகாப்பு. மற்றபடி, மீட்டர் கேஜ் ரயிலில் கண்ணில் விழுந்த கரித்தூள், மெஸ் பில், கொசு என்று நாங்கள் பேசியவை யாவும் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால், நள்ளிரவு வரை உரையாடல் ஓரிடத்திலும் தட்டவில்லை.

மறுநாள் காலை இட்லிக்குக் கொத்சு வைத்தார்கள். கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, வறுத்த மிளகாயும் தனியாவும் பொடித்துப் போட்ட அசல் சிதம்பரம் கொத்சு. மருத்துவர் விதித்த கட்டுப்பாடுகளை அந்த ஒரு கிண்ணத்தில் அனைவரும் மறந்தார்கள். அதன் பின்னர்ப் பிச்சாவரத்தில் படகேறி, சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு சுற்று. படகில் ஏறியதைவிட இறங்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மாலையில் குழுப் படம் எடுக்கப் படிக்கட்டில் நின்றோம். "ஒட்டகம், தலையைக் குனி!" என்று யாரோ கத்தினார்கள். முன்வரிசையில் குள்ளமாக, தொந்தியுடன் இருந்த வேறொருவர் பழக்கதோஷத்தால் தலையைக் குனிந்தார். என் அருகில் நின்ற அறைத்தோழர் அசையவில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நாங்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் சிவில், நான் மெக்கானிக்கல். தங்கிய விடுதிகளும் வேறு. ஐந்தாண்டுகளில் ஒரு வார்த்தையாவது பேசியிருப்போமா என்பது ஐயமே. அவருக்கு அண்ணன் என்று எவரும் கிடையாது. நான் இவ்வளவு அன்பாக விசாரிக்கிறேனே என்று, 'இருக்கிறார்' என்றாராம். அவர் தேடி வந்த மிருதங்கக்காரனுக்கும் என் பெயர்தான். தொடக்க நாள் மௌன அஞ்சலியில் அந்தப் பெயரும் வாசிக்கப்பட்டிருக்கிறது. மனம் இடிந்துபோய் அறைக்கு வந்து மாத்திரைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அதே பெயர் என் கழுத்தில் தொங்குவதைக் கண்டதும், இறந்தவன் வேறு எவனோ என்று எண்ணிக்கொண்டாராம்.

இதை இரண்டாம் இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னார். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு அழைத்தவர் அவர்தான். பயணம் எப்படி இருந்தது, மாத்திரை போட்டாயிற்றா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில், "மிருதங்க சாதகம் நடக்கிறதா?" என்று கேட்டார்.

"நடக்கிறது" என்றேன்.