வைன்கார்டன் திரு இரத்தப் பவனி

தெற்கு ஜெர்மனியில், போடன் ஏரிக்கு வடக்கே, ராவன்ஸ்பர்க் நகரை ஒட்டியுள்ள வைன்கார்டனில், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு மறுநாளான வெள்ளிக்கிழமையன்று ஆண்டுதோறும் திரு இரத்தப் பவனி நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கில் குதிரைகள் வரும் பவனி என்பதால் வேடிக்கை பார்ப்பதற்கென்றே பலர் திரள்கிறார்கள். ஆனால் இது முதலும் முடிவுமாக ஒரு ஜெபம் என்பதை அருகில் நின்று பார்ப்பவர் எவரும் உணர்வர்.

கல்வாரியில் இயேசுவின் விலாவை ஈட்டியால் குத்திய படைவீரர் லோங்கினுஸ், அவருடைய இரத்தம் கலந்த மண்ணை இத்தாலியின் மாந்துவா நகருக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. அதன் ஒரு பகுதியை ஃபிளாண்டர்ஸ் நாட்டு யூடித் அம்மையார் 1094இல் இங்கிருந்த பெனடிக்ட் சபைத் துறவு மடத்துக்குக் காணிக்கையாக அளித்தார். 1529ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பு இப்பவனியைப் பழைய வழக்கம் என்று சொல்கிறது. இன்று அந்தத் திருப்பண்டம் (புனித நினைவுப் பொருள்), 1715க்கும் 1724க்கும் இடையே எழுப்பப்பட்ட புனித மார்ட்டின் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. மடம் கலைக்கப்பட்டது, துறவியர் திரும்பி வந்தனர், 2010இல் மீண்டும் விடைபெற்றனர். பவனியோ மக்களின் கையில் நிலைத்துவிட்டது.

விண்ணேற்றப் பெருவிழா மாலையிலேயே மெழுகுவர்த்தி ஏந்திய மக்கள் சிலுவைக் குன்றுக்குப் பவனியாகச் செல்கிறார்கள். மறுநாள் காலையில் பேராலயத்தின் முன் திருப்பண்டத்தைப் பெற்றுக்கொள்ளும் குரு, அதை ஏந்தியபடியே குதிரையில் செல்கிறார். அவருக்கு முன்னும் பின்னும் பங்கு வாரியாக, கொடியும் இசைக்குழுவுமாக, மேல் ஸ்வாபியா வட்டார ஊர்களின் குதிரையோட்டிகள் கறுப்பு நீள் அங்கியும் உயரத் தொப்பியும் அணிந்து வருகிறார்கள்.

நான் நகரச் சதுக்கத்தைவிட வயலோரப் பாதையையே விரும்பித் தேர்ந்தெடுத்தேன். அங்கே வாத்திய ஓசை தேய்ந்து, குளம்படிகளுக்கு நடுவே ஜெபமாலை சொல்லும் குரல்கள் தெளிவாகக் கேட்டன. என்னைக் கடந்த முதியவர் ஒருவரின் ஒரே கையில் கடிவாள வாரும் ஜெபமாலையும் சேர்ந்திருந்தன. குதிரை தலையை உதறியபோதெல்லாம் மணிகள் அதன் பிடரியில் உரசின, அவரோ ஒரு மந்திரத்தைக்கூட இடையில் நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னே பீடப்பணிச் சிறுவன் ஒருவன், பூச்சூடிய தன் குதிரையின் கழுத்தைத் தடவியபடி, பெரியவர்கள் தொடங்கிய 'அருள் நிறைந்த மரியே'வை முடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

திருப்பண்டம் நெருங்கியதும் பேச்சு அடங்கியது. குரு அதை உயர்த்தி, இருபுறமும் நின்றவர்களுக்கும் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் விளைநிலங்களுக்கும் சிலுவை வரைந்து ஆசீர் வழங்கினார். நாங்கள் சிலுவை அடையாளம் வரைந்தோம். பக்கத்தில் நின்ற மூதாட்டி ஈரத்தரையென்றும் பாராமல் முழந்தாளிட்டார். பார்வையாளராக வந்தவர்களும் அந்த ஆசீருக்கு உட்பட்டவர்களாகிவிடுவதே இப்பவனியின் பேரழகு என்று நான் கருதுகிறேன்.

வழியிலுள்ள பீடங்களில் நற்செய்தி வாசித்துச் செபித்தபின், பவனி நகருக்குத் திரும்பியது. படம் எடுப்பதற்காகக் குதிரைகளுக்கு மிக அருகில் செல்வதைத் தவிர்த்து, ஜெபமாலை ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுமாறு, அங்கே போக விரும்பும் நம்மவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மொழி தெரியாவிட்டாலும் அவர்களோடு சேர்ந்தே நாமும் செபிக்கலாம்.