அட்டை மெஸ்ஸியோடு ஒரு படம், 600 ரூபாய்: மட்டக்களப்பில் ஒரு நாள்

போய் வந்து ஆறு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகளை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று பஸ், சாப்பாடு, கார்னிவல் என வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிசை எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

மகனுக்குப் பதினொரு வயது. மெஸ்ஸி என்றால் உயிர். 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டி நமக்கு இரவு எட்டரைக்குத் தொடங்கியது. அன்றைக்கு ஏழு வயதுப் பிள்ளையாகப் பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. மூன்றுக்கு மூன்று என்று முடிந்து, பெனால்டியில் 4-2 என ஆர்ஜென்டினா வென்றபோது எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். அன்று பிடித்த பைத்தியம். புலமைப்பரிசில் சோதனை முடிந்ததும் மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் ஒரு ஆர்ஜென்டினா ஜேர்சி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். சோதனை ஆகஸ்ட்டில் முடிந்தது. நவம்பரில் டித்வா புயல் வந்தது. மேசன் வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரருக்கு அப்புறம் கொஞ்சக் காலம் ஒழுங்கான வேலையே இல்லை. நான் வீட்டில் தைத்துக் கொடுப்பதை வைத்துத்தான் ஓட்டினோம். ஒருவழியாகச் சித்திரைப் புத்தாண்டு லீவில், கல்லடிப் பக்கம் கார்னிவல் போட்டிருக்கிறார்கள், உலகக் கிண்ணம் வருவதால் மெஸ்ஸி படம், பந்து விளையாட்டு எல்லாம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, 7,500 ரூபாயை எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஆத்திர அவசரத்துக்கென்று தனியாக ஒரு 3,000.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கரைப்பற்றில் மாறி ஏறிய பஸ்ஸில் காலை எட்டரைக்கே நிற்க இடமில்லை. நிந்தவூர் தாண்டும் வரை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். காரைதீவில் ஒரு அம்மா இறங்கியதும் சீட் கிடைத்தது. மகனுக்கு அரை டிக்கெட் தர முடியாது, வளர்ந்த பிள்ளை என்று கொண்டக்டர் முழு டிக்கெட் எடுத்தார். நாலு பேருக்கும் போக 1,225. திரும்பி வந்த பஸ்ஸில் அதே பிள்ளைக்கு அரை டிக்கெட்தான், 1,050 தான். ஒரே பாதை, ஒரே பிள்ளை. பிறகு எதை நம்பிக் காசை எண்ணிக்கொண்டு கிளம்புவது?

தெற்கிலிருந்து வருகிற பஸ் கல்லடியைத் தாண்டித்தான் டவுனுக்குள் போகும். கார்னிவலுக்கு மட்டும் போகிறவர்கள் கல்லடியிலேயே இறங்கிக்கொள்ளலாம். நாங்கள் சாப்பாட்டுக்காக டவுன் வரை போனோம். அதற்கு நான் வருத்தப்படவே மாட்டேன்.

சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நாலு மேசை. புருஷனும் பெண்சாதியுமாக நடத்துகிறார்கள். பாறை மீன் குழம்பு, இறால் போட்ட முருங்கைக்காய்க் கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல், பப்படம். குழம்பில் கொறுக்காய்ப்புளி அளவாக விழுந்து, மீன் துண்டு உடையாமல், மேலே எண்ணெய் மிதக்காமல் இருந்தது. முருங்கைக்காய்க் கறியில் தேங்காய்ப்பால் இப்போதுதான் பிழிந்து விட்டதுபோல ஒரு மணம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போட்டார்கள். பெரியவர்களுக்கு 450, பிள்ளைகளுக்கு 250. ஒரு பொரித்த மீன் தனியாக 200. எல்லாம் 1,600. விலை சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உட்காரும்போதே எவ்வளவு ஆகும் என்று தெரியும், அதனால் நிம்மதியாகச் சாப்பிட்டோம். மகள் மீன் முள்ளில் தடுமாறுவதைப் பார்த்து அந்த அக்கா தானே வந்து முள் எடுத்துக் கொடுத்தார். மட்டக்களப்பில் யாருக்காவது நான் விளம்பரம் செய்வதென்றால் அந்த அக்காவுக்குத்தான் செய்வேன்.

அங்கிருந்து கல்லடிக்கு ஆட்டோ. மீட்டர் வேலை செய்யவில்லை என்றார். சரி, போய்ப் பார்ப்போம் என்று ஏறினோம். பாலத்தைத் தாண்டும்போது, 1924 இல் கட்டின பழைய பாலத்தை மகளுக்குக் காட்டி, இதற்குக் கீழேதான் மீன் பாடும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கினதும் 700 ரூபாய் என்றார். நாலு கிலோமீட்டர்கூட இராது. “லீவு நாள்தானே தங்கச்சி” என்றார். லீவு நாளில் எங்களுக்குக் கூலி இரட்டிப்பாகக் கிடைப்பதில்லை என்று சொன்னேன். அவர் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். ஏறுவதற்கு முன்னால் விலை பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பஸ் ஏறுங்கள்.

கார்னிவல் வாசலில் ஆளுக்கு 200. ஏழு வயது மகளுக்கும் அதே 200. வெளியே போட்டிருந்த விலை அது ஒன்றுதான். உள்ளே என்னென்ன இருக்கிறது, எது எவ்வளவு என்று ஒரு அட்டைகூடக் கிடையாது. என் கோபம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. வாசலில் நின்று கணக்குப் பார்க்க முடிந்தால் தாய் தகப்பன் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். உள்ளே போனபிறகு, பிள்ளையின் கண் அந்தப் பொருளில் பட்டபிறகு, பிள்ளைக்கு முன்னாலேயே விலை சொல்கிறார்கள். அப்போது இல்லை என்று சொல்கிற வேலை எங்கள் தலையில் விழுகிறது. அதை நம்பித்தான் விலையை ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் பெனால்டி அடிக்கிற கூண்டு. மூன்று பந்துக்கு 300 ரூபாய். மூன்றும் ஓட்டைக்குள் போனால் பரிசு. மகன் முதல் தடவை இரண்டு போட்டான், இன்னொரு தடவை கேட்டான், கொடுத்தோம். இரண்டாம் தடவையும் இரண்டுதான். பந்தில் காற்றுக் குறைவு என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். பக்கத்தில் ஆளுயர அட்டையில் மெஸ்ஸி, கையில் கிண்ணம். அதற்குக் கிட்ட நின்று படம் எடுத்து, பிரின்ட் போட்டுக் கொடுக்க 600. எங்கள் போனில் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு, கயிறு கட்டியிருக்கிறோம், உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஒரு அட்டைக்குக் கயிறு! ஆனாலும் படத்தில் அவன் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தபிறகு அந்த 600 ஐப் பற்றி அவனுக்கு முன்னால் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதோ மேசையில் நிற்கிறது படம்.

உண்மையான மெஸ்ஸியைப் பார்க்கக் காசு கட்டினவர்கள் பாடும் நல்லதாக இருக்கவில்லை. 2025 டிசம்பர் 13 அன்று அவர் கொல்கத்தாவுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கில் இந்திய ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினவர்களுக்கு அவர் கண்ணிலேயே படவில்லை. பெரிய மனிதர்கள் சூழ்ந்துகொள்ள, கொஞ்ச நேரத்திலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சனங்கள் கதிரைகளை உடைத்து எறிந்தார்கள், ஏற்பாடு செய்தவரைப் பொலிஸ் பிடித்தது. அந்த வீடியோவை மகன் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, “மெஸ்ஸிக்கு இது தெரியுமா அம்மா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கார்னிவலில் ராட்டினத்தில் பிள்ளைகளோடு வீட்டுக்காரர் ஏறினார், 900. பஞ்சு மிட்டாய் இரண்டு, 300. ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலில் 100 ரூபாய் என்று அச்சடித்திருக்க, 150 கேட்டார்கள். காட்டிக் கேட்டேன். “குளிராக்கின சார்ஜ்” என்றார்கள். இரண்டு போத்தல் வாங்கினோம், வேறு வழியில்லை. மகளுக்கு லைட் எரிகிற கிரீடம் 500. கல்முனை வருவதற்குள் லைட் அணைந்துவிட்டது. கார்னிவலுக்குள் மட்டும் போனது 4,000. அவருடைய ஒரு நாள் கூலி 3,500.

ஜேர்சிக் கடை ஆகக் கடைசியில், வெளியே போகிற வழியில் இருந்தது. எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். நீலமும் வெள்ளையுமாக வரிசையாகத் தொங்கின. மகன் ஓடவில்லை. மெதுவாகப் போய் ஒன்றின் கையைத் தொட்டுக்கொண்டு நின்றான். 3,800 ரூபாய். “ஒரிஜினல் அக்கா, தாய்லாந்து சாமான்” என்றார் கடைக்காரத் தம்பி.

நான் பன்னிரண்டு வருடமாகத் தைக்கிறேன். உடனே உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையல் ஓவர்லொக் தளர்ந்து, இரண்டு இடத்தில் நூல் விட்டிருந்தது. கழுத்தில் உள்பட்டி இல்லை, வெறுமனே மடித்து ஒரு ஓட்டம். நாலு தோய்ப்புக்குள் கழுத்து அகன்றுவிடும். சின்னத்தைச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் நகத்தை வைத்ததும் எழும்பியது. துணி, தையல், அச்சு எல்லாம் சேர்த்து எவ்வளவுக்குள் அடங்கும் என்று எனக்குத் தெரியும். 3,800 க்குக் கிட்டவும் வராது. நான் தையலைப் பார்த்துக்கொண்டிருக்க மகன் சின்னத்துக்கு மேலே பார்த்திருக்கிறான்.

“அம்மா, இதில ரெண்டு நட்சத்திரம்தான் இருக்கு.”

1978, 1986, 2022. மூன்று தடவை வென்றதற்கு மூன்று நட்சத்திரம் இருக்கவேண்டும். அந்த மூன்றாவதைத்தான் இந்தப் பிள்ளை கண் விழித்திருந்து பார்த்தான். அது இல்லாத ஜேர்சியை ஒரிஜினல் என்று சொல்லி விற்கிறார்கள். “அது பழைய டிசைன் தம்பி, இப்ப கிடைக்காது” என்றார் கடைக்காரர். மகன் கையை எடுத்துவிட்டான். “வேணாம் அம்மா, போவம்” என்றான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அடம் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திராது.

அந்தக் கடைக்காரத் தம்பியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடை போட நாள் வாடகை எவ்வளவு கட்டுகிறார் என்று கேட்டபோது, விற்கிறதில் பாதி அதற்கே போகிறது என்று சொன்னார். நுழைகிறவர்களிடமும் காசு, உள்ளே விற்கிறவர்களிடமும் காசு. இரண்டும் கடைசியில் ஒரே பையிலிருந்துதான் போகிறது.

வெளிநாட்டில் எல்லாம் நியாயமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணா, 2024 இல் இங்கிலாந்து அணியின் ஜேர்சி வந்தபோது மலைத்துப்போய்ப் போன் எடுத்தார். வீரர்கள் போடுகிற அதே வகை பெரியவர்களுக்கு 124.99 பவுண், பிள்ளைகளுக்கு 119.99. நம் காசில் நாற்பதாயிரத்துக்கு மேல், ஒரு பிள்ளைச் சட்டைக்கு! அங்கே அப்போதைய எதிர்க்கட்சித் தலைவரே விலையைக் குறைக்கலாம் என்று பேசவேண்டி வந்தது. 2026 ஜூன் 11 இல் தொடங்கும் உலகக் கிண்ணத்துக்கு, ரசிகர்களுக்கென்று ஒதுக்கின சீட்டிலேயே இறுதிப் போட்டிக்கு ஆகக் குறைந்தது 4,000 டொலருக்கு மேல் வைத்தார்கள். சனங்கள் சத்தம் போட்டபிறகு 60 டொலருக்கும் கொஞ்சம் சீட்டு விட்டார்கள். சத்தம் போட்டால் குறைகிறது. எங்கள் ஊர்களில் நாங்கள்தான் பேசாமல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறோம். ஆகவே இங்கே கேட்கிறேன்: கார்னிவலுக்கு மைதானம் கொடுக்கிறவர்கள், உள்ளே இருக்கிற எல்லா விலையையும் வாசலில் எழுதிப் போடவேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கட்டும். பிள்ளைகளுக்கு நுழைவு அரைவாசியாக இருக்கட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆறரைக்குக் கல்லடி வீதியில் பஸ் ஏறினோம். ஏறும் முன் பிளேன்டீயும் ரோல்ஸும் 640. மொத்தம் 9,215 ரூபாய். அவசரத்துக்கு வைத்திருந்ததிலும் கை வைத்தாயிற்று, வாங்கப் போன ஜேர்சியும் வாங்கவில்லை. மருதமுனை தாண்டும்போது, கைத்தறிச் சாரம் தொங்குகிற கடைகளை இருட்டில் பார்த்துக்கொண்டு வந்தேன். மகன் என் தோளில் தூங்கிவிட்டான். பஸ்ஸில் வைத்தே மனதுக்குள் அளவெடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் அக்கரைப்பற்றுக்குப் போய் இளநீலமும் வெள்ளையும் பனியன் துணி எடுத்தேன், 900. முதுகில் 10 என்று அச்சடிக்க 350. கழுத்துக்கு உள்பட்டி வைத்தேன், பக்கத்தில் இரட்டை ஓட்டம். நீலப் பட்டியை வெட்டிச் சேர்ப்பதற்குள் இரவு பன்னிரண்டாகிவிட்டது. பனியன் துணி இழுபடும், தாளை அடியில் வைத்துத்தான் ஓட்டவேண்டும். நட்சத்திரம் மூன்றையும் மஞ்சள் நூலால் கையாலேயே போட்டேன். நடுவில் இருப்பது ஒரு நூல் உயர்ந்துவிட்டது. அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “2022 தான் மேல நிக்குது” என்றான்.

அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் விளையாடிவிட்டு வந்தான். நேற்றுப் பின்னேரம் நாலு பையன்கள் வாசலில் வந்து நின்று, “அன்ரி, எங்களுக்கும் தைப்பீங்களா, எவ்வளவு?” என்று கேட்டார்கள். ஒருவன் காசைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்களைக் கேட்க வைத்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பால்மாப் பெட்டியை வெட்டி எழுதிக் கேற்றில் கட்டிவிட்டேன்: துணியோடு சின்னது 1,500, பெரியது 1,800. துணி கொண்டுவந்தால் தையல் கூலி 500. இலக்கம் அச்சடிக்க 350. நட்சத்திரத்துக்குக் காசில்லை.