கைப்பிடி கேட்டோமா, ஏணி கேட்டோமா?

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ரிப்பேர் வேலை எடுக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் ஒன்பது வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, ராயபுரத்தில் சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். முதல் வீட்டு வேலை பெரம்பூரில், இரண்டாம் மாடி பால்கனி.

கப்பல் தளத்தின் ஓரம் இரண்டு மாதிரி இருக்கும். முழுத் தகடாக எழுந்து நின்றால் பல்வார்க். ஏறி வரும் அலைத் தண்ணீர் வெளியே போக அதன் அடியில் வாய் விட்டிருப்பார்கள், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தூம்பு வைப்போமே, அது மாதிரி. கம்பியாக இருந்தால் கார்டு ரெயில், அதைத் தாங்கும் கால்கள் ஸ்டான்ஷன். எங்கள் பேச்சில் எல்லாமே 'ரெயிலு'தான். ஆனால் அளவில் விளையாட முடியாது. கப்பல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று வரையறுக்கும் 1966-ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு ஒப்பந்தப்படி உயரம் குறைந்தது 1 மீட்டர், தளத்துக்கும் அடிக்கம்பிக்கும் நடுவே 230 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மற்ற கம்பிகளுக்கு நடுவே 380 வரை போகலாம். அடியில் மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டதற்கு எங்கள் ஃபோர்மேன், "ஈரத் தளத்துல வழுக்கினா நீ நின்னுக்கிட்டா விழுவ?" என்றார்.

பெரம்பூர் வீட்டில் வார்த்தையே பெரிய பாடாகிவிட்டது. வீட்டுக்காரர் கைப்பிடி என்றார், மேஸ்திரி ரெயிலிங் என்றார், இன்ஜினியர் படத்தில் பலஸ்ட்ரேடு, பாட்டி மட்டும் 'அழி' என்றார். கைப்பிடி என்றால் மேல்குழாய் மட்டுமா, மொத்தமுமா என்று கேட்டுத் தெளியவே இரண்டு டீ ஆயிற்று. (அந்த பலஸ்ட்ரேடின் மூலம் மாதுளைப் பூவுக்கான கிரேக்கச் சொல்லாம், கடைந்த தூணின் வயிறு அந்த வடிவம் என்பதால். நாம் சொல்லும் கிராதியும் போர்ச்சுகீசியர் விட்டுப்போனதுதான்.)

சரி, பெயர் தெளிந்துவிட்டது என்று பழகின கையோடு குறுக்காக மூன்று கம்பி ஓட்டி, பாலிஷும் போட்டு முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பாட்டி வந்து பார்த்தார். "ஏம்ப்பா, நாங்க கைப்பிடி கேட்டோமா, ஏணி கேட்டோமா?" நான் பதில் சொல்வதற்குள் நாலு வயதுப் பேரன் அடிக்கம்பியில் ஒரு கால், அடுத்ததில் ஒரு கால் வைத்து, நெஞ்சு மேல்குழாய்க்கு மேலே தெரிய நின்றான். வீட்டுக்காரர் பாய்ந்து தூக்கினார். எனக்குக் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கப்பலில் நான் பார்த்தவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள், கம்பியில் ஏறிப் பார்க்கிற வயசு யாருக்கும் இல்லை. அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

மறுநாளே மூன்றையும் அறுத்து, நெட்டுக் கம்பியாக, குழந்தை தலை நுழையாத நாலு அங்குல இடைவெளியில் வைத்துக் கொடுத்தேன். செலவு என்னுடையது, கேட்க வாய் வரவில்லை. அறுத்த கம்பிகளில் பட்டறைப் பரணுக்கு ஏணி செய்தேன், இன்றைக்கும் அதில்தான் ஏறுகிறேன்.