வன்பொருளைப் பார்க்க எதற்கு ரூட் கடவுச்சொல்?

வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிவிட்டு வைஃபை கிடைக்கவில்லை என்று வந்து நிற்கும்போது, உள்ளே இருப்பது பிராட்காம் சில்லா, ரியல்டெக் சில்லா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிவிட, கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) என்ற ஒரே கட்டளை போதும். ஆனால் சென்ட்ஓஎஸ் 5 போன்ற பழைய லினக்ஸ் பதிப்புகளில் சாதாரணப் பயனர் அதைத் தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்ற பதில்தான் வரும். நிரல், நிர்வாகிக்கான நிரல்களை வைக்கும் எஸ்பின் (sbin) அடைவில் பத்திரமாக இருக்கும்; அந்த அடைவு, கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் பயனரின் பாத் (PATH) பட்டியலில் இருக்காது. முழுப் பாதையையும் தட்டச்சு செய்தால் ரூட் எனப்படும் முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கின் அனுமதி கேட்காமலே ஓடும்.

லினக்ஸில் எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்க வேண்டும் என்று வகுக்கும், 2015இல் வெளிவந்த எஃப்எச்எஸ் 3.0 தரநிலை இதில் தெளிவாகவே இருக்கிறது: சாதாரணப் பயனர் எப்போதேனும் நேரடியாக இயக்கக்கூடிய நிரல், எல்லோருக்குமான ‘பின்’ (bin) அடைவுகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். எல்எஸ்பிசிஐ, யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி போன்றவை எதையும் மாற்றுவதில்லை, பட்டியலிட மட்டுமே செய்கின்றன என்பதால், அவற்றை நிர்வாகிக்குரியவை என்று ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறைக்க வேண்டிய தகவல்களும் உண்டே என்பார்கள். உண்டுதான், அவற்றைக் காப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வேலை, அதை அது ஒழுங்காகவே செய்கிறது. பிசிஐ வழியாக இணைந்த சாதனத்தின் அமைவு விவரங்கள் உள்ள பகுதியில் முதல் 64 பைட்டுகளை மட்டும் சாதாரணப் பயனருக்குக் காட்டிவிட்டு, மீதிக்கு அனுமதி மறுக்கிறது. கணினியின் மாதிரிப் பெயரை எவரும் படிக்கலாம். வரிசை எண்ணை ரூட் மட்டுமே படிக்கலாம். வரிசை எண் போன்ற விவரங்களைக் காட்டும், ரூட் இல்லாமல் பயன்படாத டிஎம்ஐடிகோட் என்ற நிரல் எஸ்பினில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் வகை எல்எஸ்பிசிஐயை ‘பின்’ அடைவில் வைத்திருப்பதால், அதன்மேல் கட்டப்பட்ட, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இந்தத் தொல்லை இல்லை. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வகை 2025இல் 42ஆம் பதிப்பில் பின், எஸ்பின் ஆகிய இரண்டு அடைவுகளையும் ஒன்றாக்கிவிட்டது. பழைய பதிப்பையே வைத்திருக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்கள், வன்பொருளைப் பார்ப்பதற்காக மாணவர்களுக்கு சூடோ (ரூட்டாகக் கட்டளை இயக்கும்) உரிமை வழங்காமல், அவர்களுடைய பாத் பட்டியலில் எஸ்பின் அடைவுகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுகிறேன்.